ஃபார்மேட் என்றதும் தலையாட்ட வேண்டாம்

2023ஆம் ஆண்டு புரட்டாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. தீபாவளிச் சரக்குக்குச் சில்லறைக் கடைக்காரர்கள் வரத் தொடங்கிவிட்ட நேரம். பழைய பாக்கியைப் பார்த்து, பாதியையாவது வரவு வைத்துக்கொண்டுதான் புதுச் சரக்கு போடுவது மொத்த வியாபாரத்தில் வழக்கம். அன்று நமது கடையில் கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரைத் திறந்தார். பாக்கிப் பேரேட்டைக் காணோம். பேரேடு மட்டுமல்ல, அது இருந்த லினக்ஸ் சிஸ்டமே காணோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறோம். நமது கடைக் கம்ப்யூட்டர் ஒன்றுதான்; ஆனால் அதற்குள் இரண்டு சிஸ்டம். ஒன்றில் பில் போடும் புரோகிராம். அது அந்த சிஸ்டத்தில் மட்டுமே ஓடும் என்பதால் அதை விட முடியாது. மற்றொன்று லினக்ஸ். ஒரு முறை வைரஸ் புகுந்து ஃபைல்களை நாசம் செய்த பிறகு, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் நமது மருமகன் வந்து இதைப் போட்டுக் கொடுத்தான். காசு கிடையாது. பாக்கிப் பேரேடு, லாரி வாடகைக் கணக்கு, மூட்டைக் கூலி எல்லாம் அதில்தான். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வரும். வேண்டியதை அம்புக்குறியால் தேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே கட்டிடத்தில் இரண்டு கடை, பொதுவாக ஒரு நடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவு பில் போடும் பக்கத்தில் ஒரு பெரிய அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் கரண்ட் போனது. யூ.பி.எஸ். பாட்டரி செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டவர் நாம்தான். ஆகவே இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஞாயிறு கடை விடுமுறை. திங்களன்று ஆன் செய்தபோது அந்தக் கறுப்புத் திரையே வரவில்லை. நேரே பில் போடும் சிஸ்டத்துக்குள் போய் நின்றது.

சர்வீஸ் செய்யும் பையனைக் கூப்பிட்டோம். நல்ல பையன்தான். வந்தான், பத்து நிமிடம் தட்டினான்.

"அண்ணாச்சி, லினக்ஸ் அழிஞ்சு போச்சு. மொத்தமா ஃபார்மேட் பண்ணிப் புதுசாப் போட்டுத் தந்திடறேன். ஆயிரத்து ஐந்நூறு ஆகும். சாயந்தரத்துக்குள்ள ரெடி."

நாம் "சரி" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோம். கடையில் ஏழு பேர் நிற்கிறார்கள், போன் அடித்துக்கொண்டிருக்கிறது, ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் தொல்லை தீர்ந்தால் போதும் என்றுதான் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றும். தடுத்தவர் கணக்குப்பிள்ளை. "முதலாளி, பேரேடு அதுக்குள்ள இருக்கு. மத்தியானம் வரைக்கும் பொறுங்க, தம்பிக்கு ஒரு போன் போடுவோம்" என்றார்.

மருமகனுக்கு மதிய உணவு நேரத்தில்தான் பேச முடிந்தது. அவன் கேட்டது ஒரே கேள்வி: "மாமா, யாராவது எதையாவது அழிச்சாங்களா?" இல்லை என்றோம். "அப்ப ஒண்ணும் போகலை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ஆன் ஆகும்போதே எஃப் 12ஐ விடாம தட்டுங்க." தட்டினோம். ஒரு சிறு பட்டியல் வந்தது. இரண்டு பெயர்கள். இரண்டாவதைத் தேர்ந்து என்டர் அழுத்தினோம். பழைய கறுப்புத் திரை, பழைய லினக்ஸ், ஆறு வருடப் பேரேடு, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நாம் இதை எழுதக் காரணம் அந்த ஐந்து நிமிடம் அல்ல. நமது தெருவிலேயே எண்ணெய் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்கு 2021இல் இதே மாதிரி நேர்ந்தது. அவரைத் தடுக்க அருகில் ஆள் இல்லை. வந்தவர் ஃபார்மேட் செய்தார். கம்ப்யூட்டர் புதுசு போல ஓடியது, மூன்று வருடப் பாக்கிக் கணக்கு போய்விட்டது. ஜி.எஸ்.டி. போர்ட்டலில் இருக்கிறதே என்று சிலர் சொன்னார்கள். போர்ட்டலில் நாம் தாக்கல் செய்த ரிட்டர்ன் இருக்கும். எந்தக் கடைக்காரர் எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார், மீதி எவ்வளவு என்பது அங்கே எப்படி இருக்கும்? நண்பர் கடைகடையாக ஏறி இறங்கினார். நாணயமான சிலர் தங்கள் சிட்டையைக் கொண்டுவந்து காட்டி, உள்ளதை உள்ளபடி கட்டினார்கள். சிலர் "கணக்கைக் காட்டுங்க அண்ணாச்சி, குடுத்துடறோம்" என்றார்கள். அந்தச் சொல்லுக்கு அவரிடம் பதில் இல்லை. பணம் போனதைவிட, நாணயம் உள்ளவரையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டி வந்ததே என்றுதான் அவர் இன்றும் வருத்தப்படுகிறார்.

அவருடைய லினக்ஸும் அழிந்திருக்க வாய்ப்பில்லை என்று நாம் இப்போது நினைக்கிறோம். மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விளக்கியதை, நமக்குப் புரிந்த அளவில் எழுதுகிறோம்.

கம்ப்யூட்டரின் போர்டில் ஒரு சிறு நினைவகம் இருக்கிறது. ஆன் செய்ததும் முதலில் யாரைக் கூப்பிடுவது, அடுத்து யாரை என்ற வரிசைப் பட்டியல் அதில் இருக்கும். அந்தப் பட்டியல் சுட்டுவது ஹார்ட் டிஸ்கின் ஒரு சிறிய பிரிவை. இ.எஃப்.ஐ. பிரிவு என்று பெயர். ஒவ்வொரு சிஸ்டமும் தன்னைக் கிளப்பிவிடும் சிறு ஃபைலை அங்கே வைத்திருக்கும். லினக்ஸ் வைத்திருப்பதன் பெயர் கிரப். இரண்டு பெயர் காட்டும் அந்தக் கறுப்புத் திரை அதுதான். நமது கணக்கும் ஃபைல்களும் இருப்பது இந்த இரண்டு இடத்திலும் அல்ல. டிஸ்கின் வேறொரு பெரிய பிரிவில். பெரிய அப்டேட் வந்த பிறகு விண்டோஸ் தன் பெயரை வரிசையில் முதலில் கொண்டுபோய் வைத்துக்கொள்வது உண்டு. சில போர்டுகள் தாமாகவே வரிசையை மறந்துவிடுவதும் உண்டு. அப்போது லினக்ஸைக் கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான். சரக்கு குடோனில் இருக்கிறது. வாசலில் இருந்த பெயர்ப் பலகைதான் விழுந்துவிட்டது.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மெஷின்களில் இந்தப் பட்டியல் ஏற்பாடு இல்லாமலும் இருக்கும். அவற்றில் டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள்தான் கிளப்பிவிடும் குறிப்பு இருக்கும். புதிதாக விண்டோஸ் போட்டால் அந்த இடத்தில் தன் குறிப்பை எழுதிவிடும். அங்கேயும் அழிவது அந்தச் சிறு குறிப்புத்தான்.

ஆகவே சிஸ்டம் காணாமல் போனால் முதல் வேலை எதையும் எழுதாமல் பார்ப்பது. ஆன் ஆகும்போது எஃப் 12 என்பது டெல், லெனோவோ மெஷின்களில். எச்.பி.யில் எஃப் 9. பட்டியலில் லினக்ஸின் பெயர், உதாரணமாக உபுண்டு என்று, இருந்தால் தேர்ந்து உள்ளே போகலாம். பிறகு செட்டப்புக்குள் போய் அதை வரிசையில் முதலாவதாக மாற்றி சேவ் செய்துவிட்டால் மறுநாள் முதல் பழையபடி வரும். பெயரே இல்லை என்றால் லினக்ஸ் பென்டிரைவ் வேண்டும். பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்கைத் தொடாது. ஆனால் திரையில் "ட்ரை" என்றும் "இன்ஸ்டால்" என்றும் இரண்டு கேட்கும்போது "ட்ரை" என்பதைத்தான் அழுத்த வேண்டும். அவசரத்தில் மற்றதை அழுத்திவிடாதீர்கள். உள்ளே போனதும் முதலில் பேரேட்டை வேறொரு பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பழுது பார்ப்பது. கிரப்பைத் திரும்ப நிறுவ இரண்டு மூன்று கட்டளைகள் போதும். கட்டளை தெரியாதவர்களுக்கு பூட் ரிப்பேர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. டிஸ்கின் பிரிவு அட்டவணையே கெட்டுப்போயிருந்தால்கூட, மேலே யாரும் புதிதாக எழுதாதவரை டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு இலவசக் கருவி பழைய பிரிவுகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்க வாய்ப்புண்டு.

ஒரு திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லினக்ஸ் இருக்கும் பிரிவை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பிரிவுக்கு யாராவது டிரைவ் எழுத்துக் கொடுத்துத் திறக்கப் பார்த்தால், "இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று கேட்கும். படிக்கத் தெரியாதவர் தமிழ்ப் பேரேட்டைப் பார்த்து, இது வெறும் காகிதம், கிழித்துவிடலாமா என்று கேட்பது போலத்தான் இது. "கேன்சல்" அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இந்த ஒரு கேள்விக்கு ஆம் சொல்லி எத்தனை கடைக் கணக்கு போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2024 ஆகஸ்ட் 13ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட மாதாந்திர அப்டேட்டால் உலகம் முழுவதும் இரண்டு சிஸ்டம் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் திறக்காமல் போனது. காரணம் நியாயமானதுதான். கிரப்பில் 2022இல் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்த ஓட்டை உள்ள பழைய கிரப்களை உள்ளே விடக்கூடாது என்று போர்டில் இருக்கும் தடைப் பட்டியலில் ஒரு குறிப்பை அந்த அப்டேட் எழுதியது. இரண்டு சிஸ்டம் உள்ள மெஷினில் இதை எழுத மாட்டோம் என்று அந்த நிறுவனமே முன்கூட்டிச் சொல்லியிருந்தது. ஆனால் சில மெஷின்களில் இரண்டு சிஸ்டம் இருப்பதை அப்டேட் கண்டுகொள்ளவில்லை, எழுதிவிட்டது. லினக்ஸைத் தேர்ந்தால், ஏதோ பெரிய தவறு நேர்ந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து மெஷினே அணைந்துபோனது. பழைய லினக்ஸ் பென்டிரைவைப் போட்டாலும் அதே கதி.

அப்போதும் யாருடைய ஃபைலும் அழியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செட்டப்பில் செக்யூர் பூட் என்ற காவலைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், தடைப் பட்டியலை நீக்கும் ஒரு வரிக் கட்டளையைக் கொடுத்து, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, மறுபடியும் காவலைப் போட்டுக்கொள்ளலாம் என்று வழி சொன்னார்கள். முழுத் தீர்வு வந்து சேர 2025 மே மாதம் ஆகிவிட்டது. நடுவில் ஒன்பது மாதம். இந்தியாவில் அந்த அப்டேட் வந்து இறங்கியது சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள். ஜி.எஸ்.டி.ஆர். 3பி தாக்கல் செய்ய மாதா மாதம் 20ஆம் தேதி கெடு உள்ளவர்களுக்கு அது எப்படிப்பட்ட வாரம் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நமது கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பாதுகாப்பு வேண்டும், அப்டேட்டும் வேண்டும். அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்தி வைக்கும் சில உறுப்பினர்களை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் மெஷினுக்குச் சொந்தக்காரர் நாம். பொது நடையின் பூட்டை மாற்றுகிற குடித்தனக்காரர், மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். "உங்கள் மெஷினில் வேறு சிஸ்டம் இருக்கிறது, இதைப் போட்டால் அது திறக்காமல் போகலாம், போடவா?" என்று திரையில் கேட்பது பெரிய வித்தை அல்ல. லினக்ஸ்காரர்களும் இதில் முழு யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. புது கிரப் வந்தபோது, பக்கத்தில் என்ன சிஸ்டம் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் வழக்கத்தைத் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். விளைவு, 2022க்குப் பிறகு லினக்ஸை அப்டேட் செய்த சிலருக்கு மெனுவில் விண்டோஸின் பெயர் காணாமல் போனது. அதுவும் ஒரு வரி மாற்றத்தில் சரியாவதுதான். ஆனால் அந்த ஒரு வரி கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டில் இந்தத் தொல்லையைப் பலர் பெயர் தெரியாமலே அனுபவித்திருக்கிறார்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பல மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் என்ற லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நம் வீட்டுப் பெண் கொண்டுவந்ததிலும் இருந்தது. ஒரு நாள் அது காணவில்லை. யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் அதில் கணக்கு எதுவும் இல்லை.

இப்போது நிலைமை வேறு. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நமது கடைகளில் இருக்கும் பழைய மெஷின்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்கு ஏறாது. பிராசசர் பழசு என்று திருப்பி அனுப்பிவிடும். புது மெஷின் வாங்க மனமில்லாதவர்கள் லினக்ஸைப் பக்கத்தில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் ஒரே டிஸ்கில் இரண்டையும் போடுவதைவிட, லினக்ஸுக்குத் தனியாக ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போட்டுக்கொள்வது மேல். ஒன்றின் அப்டேட் மற்றதன் வாசலில் கை வைக்கும் வாய்ப்பு அதில் குறைவு. வசதி உள்ளவர் இரண்டு மெஷினாகவே வைத்துக்கொள்ளட்டும். நாம் அந்த திங்கட்கிழமைக்குப் பிறகு தனி எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டோம். யூ.பி.எஸ். பாட்டரியும் மாற்றியாயிற்று.

புது மெஷின் வாங்குகிறவர்களும் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது வரும் பல மெஷின்களில் டிஸ்கே பூட்டிய நிலையில் வருகிறது. பிட்லாக்கர் என்பார்கள். செட்டப்பில் எதையாவது மாற்றினால் 48 இலக்க மீட்பு எண் கேட்டு நிற்கும். எண் இல்லாவிட்டால் விண்டோஸ் பக்கத்தில் உள்ளதை யாராலும் திறக்க முடியாது, மருமகனாலும் முடியாது. அந்த எண்ணை எழுதிக் கல்லாவில் பத்திரமாக வைத்த பிறகே செக்யூர் பூட்டில் கை வைக்க வேண்டும்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர், விபத்தில் அழிந்தாலும் திரும்ப எடுக்கும்படி காப்பி வைத்திருக்க வேண்டும் என்று 57ஆம் விதி சொல்கிறது. "சர்வீஸ்காரர் ஃபார்மேட் பண்ணிட்டார்" என்று அதிகாரியிடம் சொன்னால் என்ன முகம் காட்டுவார் என்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள்.

சர்வீஸ் பையன்களை நாம் குற்றவாளிகளாக்கவில்லை. ஃபார்மேட் செய்தால் மாலைக்குள் வேலை முடியும், கூலி கிடைக்கும். தேடிப் பார்த்தால் இரண்டு மணி நேரமும் போகலாம், அதற்கு நாம் கூலி கொடுப்பதில்லை. "பாத்துட்டு சும்மாதானே போன" என்று கேட்கிற முதலாளிகள் நம்மிலேயே உண்டு. பார்ப்பதற்கு ஐந்நூறு, காப்பி எடுத்துக் கொடுப்பதற்கு ஐந்நூறு என்று தனியாகக் கொடுக்கத் தொடங்கினால் அந்தப் பையன்களும் பொறுமையாகப் பார்ப்பார்கள். நமது பையனுக்கு அன்று முந்நூறு கொடுத்து, எஃப் 12ஐயும் சொல்லிக் கொடுத்து அனுப்பினோம். பிறகு இரண்டு கடைகளில் அவனே அப்படி மீட்டுக் கொடுத்ததாக வந்து சொன்னான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில் லினக்ஸ் பென்டிரைவ் இரண்டு, காப்பி எடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், இவற்றை வாங்கி வைக்க வேண்டும். பென்டிரைவ் பழையதாகிவிட்டால் திறக்காது என்பதை 2024இல் பார்த்தோம். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க ஆள் நியமிக்க வேண்டும். செலவில் பாதியை நாமே ஏற்றுக்கொள்கிறோம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம். அடுத்த கமிட்டியில் வைப்பதாகச் சொன்னார். அதுவரை அவசரமென்றால் நமது கடையில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்து இழுப்பறையில், கணக்குப்பிள்ளை பொறுப்பில். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகலாம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.